மாலை போடத் தரமாட்டேன்

இன்று காலை மகளுக்கு உப்புமா கிண்ட எடுத்த ரவை ஈரக் கையில் ஒட்டிக்கொண்டது. விரலால் உருட்டினேன். உடனே நீ வந்துவிட்டாய். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் நனைத்த ரவையை அப்பிக்கொண்டே, "இதுக்கு முதல்ல சாப்பாடு குடுக்கோணும், அப்பதான் கதைக்கும்" என்பாய்.

வருகிற மாதம் நீ போய் ஒரு வருஷம். உன்னை நினைத்து ஆற அமர அழலாம் என்றிருந்தேன். விடுகிறார்களா? நேற்று மாஸ்டர் போன் எடுத்தார். அதே கொட்டாஞ்சேனைச் சங்கீத சபை மாஸ்டர்.

நாங்கள் கம்பஸ் முடித்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். ஜெர்மனியில் நடக்கிற கோடைகால இசைப் பட்டறைக்கு விண்ணப்பிக்க, நீ ஒரு பாட்டுக்கு வாசிக்கிற வீடியோ தேவைப்பட்டது. பாட ஆள் கேட்டு மாஸ்டரின் சபைக்குப் போனோம். மிருதங்கத்தை உறையிலிருந்து எடுக்கக்கூட அவர் விடவில்லை.

"பொம்பிளைப்பிள்ளை மிருதங்கத்தோட இருந்தா சனம் என்ர பாட்டையோ கேக்கும், உன்னையோ பாக்கும்?"

"கண்ணை மூடிக்கொண்டு கேக்கச் சொல்லுங்கோ மாஸ்டர்."

நான் பயந்துபோய் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ பஸ் ஏறும்வரை சிரித்தாய். ஏறியபின் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். வெள்ளவத்தை வரும்வரை திரும்பவேயில்லை.

கடைசியில் பாடியது நான், பாட்டு வகுப்பைப் பாதியில் விட்டவள். நான் இப்போதும் இருக்கிற இதே பிளாட்டின் முன்னறையில் உட்கார்ந்து பாடினேன். பாட்டு நல்ல இடத்துக்கு வரும்போதெல்லாம் கடற்கரைப் பக்கம் ரயில் போகும். நான் நிறுத்திவிடுவேன். நாங்கள் திரும்பத் தொடங்க, மேல்வீட்டு அன்ரி தரையில் தட்டுவா. உனக்குப் பொறுமை போய்விட்டது.

"இனி நிப்பாட்டினியெண்டா உன்னையும் அந்த ரயில்ல ஏத்திவிடுவன். அது போனாப் போகட்டும், நீ பாடு!"

ரயில் சத்தத்தோடேயே வீடியோ போனது. அதைக் கேட்டுத்தான் உன்னை எடுத்தார்கள். அங்கிருந்து நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இஞ்ச எல்லாரும் என்ர வாசிப்பைப் பற்றித்தான் கதைக்கினம். நான் பொம்பிளையெண்டது எனக்கே மறந்துபோச்சு."

திரும்பி வந்தாய். சபை மேடையில் உனக்கு ஒரு பின்னேரம் கொடுத்தார்களா? "அடுத்த முறை பாப்பம் பிள்ளை." வருஷாவருஷம் அதே பதில். பிறகு உனக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாய். அடுத்த முறை வரவேயில்லை.

நேற்று அந்த மனுஷன் என்ன சொல்கிறார் தெரியுமா? நீ "எங்கட சபை உலகத்துக்குக் குடுத்த பிள்ளை"யாம். உனக்கு நினைவு விழாவாம். உன் அம்மா என்னிடம் தந்த மிருதங்கத்தைக் கொண்டுவரட்டாம்.

"ஆர் மாஸ்டர் வாசிக்கிறது?"

"வாசிக்கவோ? சீச்சீ. படத்துக்குப் பக்கத்தில வைச்சு மாலை போடத்தான்."

நீ கையோடு கொண்டுபோனபோது உறைகூடக் கழற்ற விடாதவர், இப்போது நீ இல்லையென்றதும் மேடையில் ஏற்றுகிறாராம்! அவரே தொடர்ந்தார்: "உங்கட மகளையும் தையில எங்கட வகுப்பில சேர்க்கக் கேட்டனீங்கள் என்ன?"

மகள் காணும் இடமெல்லாம் தாளம் போடுகிறாள், அவர் வகுப்பை விட்டால் எனக்கு வேறு வகுப்பும் தெரியாது. வீட்டில் கேட்டால், "குடுத்துவிடுமன், ஒரு பின்னேரம்தானே" என்கிறார் என் கணவர். "பிள்ளையின்ர காரியம் கெட்டுப்போகும்." அந்தப் பயம் எனக்கில்லையா? இரவு முழுக்க அதே பயம்தான்.

ஆனாலும் காலையில் ரவை கையோடு போன் எடுத்தேன். "வாசிக்க ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிடுங்கோ மாஸ்டர், நானே தூக்கிக்கொண்டு வாறன். மாலை போடத் தரமாட்டன்." அவர் போனை வைத்துவிட்டார்.

மிச்ச ரவையை நனைத்து உன் மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் அப்பினேன். கோணலாகத்தான் வந்தது, நீ பார்த்தால் திட்டுவாய். மகள் ஓடிவந்து உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். கதைத்தது.

தையில் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவேனோ, தெரியாது. பயம் இன்னும் போகவில்லை. அவள் அடித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்தது. அவள் நிறுத்தவில்லை. இந்த முறை நானும் நிறுத்தச் சொல்லவில்லை.