சாகாமத்துக் கிடா

02.11.2009 திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கிடா பாதிப் புல்லை விட்டுவிட்டது. சாகாமத்துக்கு நானே போய், பல்லைப் பார்த்து வாங்கிய கிடா. சண்டை முடிந்த பிறகுதான் அந்தப் பக்கம் போக முடிந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுத்துக் குர்பான் கொடுக்க. "ஒரு வருசமாவது நம்மட ஊட்டால குடுக்கணும் உம்மா" என்று மகள் றாஹிலா கேட்டிருந்தாள். கடல் அவளைக் கொண்டுபோய் ஐந்து வருடமாகப் போகிறது. இந்த முறை கொடுப்பேன் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மிருக வைத்தியர் கனகசபாபதி வந்தார், பாண்டிருப்பு ஆள். கிடாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருக்கிறதாம், வயிற்றில் புழுவாம், மருந்து பருக்க வேண்டுமாம். என்ட கிடாவுக்கா புழு? நான் என்ன ஊத்தைக்குள்ளயா வளக்கிறன்? வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

09.11.2009
தாடை தொங்குகிறது. கொழுப்பு வைக்கிறது. பக்கத்து வீட்டுச் சபியா உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

14.11.2009
கழிச்சல். வேப்பிலை அரைத்துக் கொடுத்தேன். முதுகெலும்பு கையில் தட்டுகிறது. அப்படியென்றால் தாடையில் மட்டும் எப்படிக் கொழுப்பு? யாரிடமும் கேட்கவில்லை.

16.11.2009 திங்கள்
கிடா எழும்பவில்லை. பேத்தி றுமானா என்னைக் கேட்காமலே வைத்தியரைக் கூட்டி வந்துவிட்டாள். தாடையில் இருப்பது கொழுப்பில்லை, நீர். புழு இரத்தத்தைக் குடித்தால் அப்படி இறங்குமாம். குளத்தோரத்து ஈரப்புல்லில் ஏறிய புழு. மருந்தை வாயில் விட்டார். புல் காயும் முன் மேயவிட வேண்டாம், புழுக்கையைத் தினமும் கூட்டி அள்ளுங்கள், கொட்டிலுக்குப் பலகை போடுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். போகும்போதுதான் சொன்னார்:

"உம்மா, இண்டையிலிருந்து இருபத்தொரு நாளைக்கு இத அறுக்கப்படாது. மருந்து இறைச்சியில நிக்கும்."

பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள்தான். அவர் முதல் வந்த அன்றே பருக்கியிருந்தால் ஐந்து நாள் மிச்சம் இருந்திருக்கும். விரல் விட்டு இரண்டு தரம் எண்ணினேன்.

20.11.2009 வெள்ளி
கிடா எழும்பி நின்றது. நேற்று ஹஜ்ஜு மாதம் பிறந்தது. குர்பான் கொடுப்பவர் அறுக்கும் வரை நகம் வெட்டுவதில்லை. நானும் வெட்டவில்லை.

22.11.2009
அறுக்கிற மீராசா நேரம் கேட்டு வந்தான். மருந்துக் கதையைச் சொன்னேன்.

"ஆருக்கு மாமி தெரியப்போகுது? நல்லா அவிச்சாச் செரி."

ஓம் என்று வாய் வரைக்கும் வந்தது. முதல் பங்கு சபியா உம்மா வீட்டுக்கென்று வைத்திருக்கிறேன். அவளுடைய மருமகளுக்கு ஏழு மாதம். அந்தப் புள்ள திண்டு ஏதும் நடந்தா? குடுக்காட்டி ஊர் என்ன கதைக்கும்? றாஹிலா, நான் என்ன செய்ய?

24.11.2009
நகம் வெட்டினேன். றுமானா பார்த்தாள்.

25.11.2009
நானே சபியா உம்மாவிடம் போனேன். இந்த முறை குர்பான் இல்லை என்றேன். ஏன் என்றும் சொன்னேன், கொழுப்பென்று காட்டியது உட்பட. அவள் பாக்கை மென்றபடி இருந்தாள்.

"அண்டைக்கே விளங்கின ராத்தா, அது வீக்கமெண்டு. உங்களுக்கு ஆரு சொல்லுற?"

28.11.2009 சனி, பெருநாள்
குர்பான் கொடுக்காத வீடுகளுக்குப் பள்ளிவாசலால் இறைச்சி பங்கிட்டார்கள். பையோடு வாசலுக்கு வந்தவன் மீராசா. றுமானா கதவடியில் தயங்கி நின்றாள். அவளை விலக்கிக்கொண்டு நான் போனேன்.

"லிஸ்ட்டில உங்கட பேரும் போட்டிரிக்கி மாமி. கோவிக்கப்படாது" என்றான்.

"ஏன் கோவிக்க? தா" என்றேன்.