டஸ்டியைக் கொடுத்துவிடாதே

வெண்டல், காபி போடுமுன் இதைப் படி.

ஒன்பது மணிக்கு என் தம்பி லைல் நாயைக் கொண்டுபோக வருவான். கொடுத்துவிடாதே. கோழிகளின் இறகைப் பிடுங்கியது டஸ்டி இல்லை.

வேலைக்குக் கிளம்பும்போது, இஞ்சின் குளிரில் உறையாமலிருக்க ராத்திரி நீ சொருகிவைக்கிற என் வண்டியின் ஹீட்டர் வயரை இன்று நானே கழற்றப் போனேன். அது கோழிக்கூண்டின் பிளக்கில் சொருகியிருந்தது. குளிர்காலத்திலும் முட்டையிடட்டும் என்று நாம் கூண்டில் போட்டிருந்த விளக்கின் வயர் பனிக்கடியில் கிடந்தது. வெளிச்சம் திடீரென்று குறைந்தால் கோழி இறகை உதிர்த்துவிடும் என்று உனக்குத் தெரியாதா? ஜனவரியில், மைனஸ் இருபது குளிரில், ஆறு கோழியும் மொட்டையாக நிற்கின்றன.

எனக்காகத்தான் மாற்றிச் சொருகியிருக்கிறாய், புரிகிறது. "வண்டி இப்பல்லாம் உடனே ஸ்டார்ட் ஆகுதே" என்று நான் சொன்னபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். "நாய் போனா நானும் போறேன்" என்று கத்த மட்டும் உனக்குத் தெரிந்தது.

கோழிகளைத் தூக்காதே, முளைக்கிற இறகு வலிக்கும்.

லைலுக்கு ஃபிரிட்ஜில் இருக்கும் மான்கறி சூப்பைச் சூடாக்கிக் கொடு. நாற்பது மைல் வீணாக வருகிறான்.

டோரீன்

பி.கு. கூண்டு விளக்கைத் திரும்ப மாட்டிவிட்டேன். வெளியே இருப்பது அந்த ஒரே பிளக், அதனால் ஹீட்டர் இல்லாமல் நாளைக்கு என் வண்டி கிளம்பாது. காலை ஐந்து மணிக்கு நீதான் என்னைக் கொண்டுபோய் விடவேண்டும். மீதிச் சண்டையை வழியில் போட்டுக்கொள்ளலாம்.