ஜன்னலோர மகாராணி

அன்பும் அடமும் சரிபாதியாகக் கலந்து செய்த என் அக்காள் மகள் வாண்டுவுக்கு,

நாலு திசையும் நடுங்க மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திவரும் உன் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். கடிதம் என்றால் நலம் என்று எழுத வேண்டுமே, அதற்காக எழுதினேன். உண்மையில் உன் அம்மாவோடு மல்லுக்கட்டியே என் தலையில் மிச்சமிருந்த பதினேழு முடியில் ஐந்து இந்த மாதம் போய்விட்டது. ஏழு மாத வயிற்றோடு இருக்கிறவள் நீ எப்படி இருக்கிறாய்? கால் வீக்கம் வடிந்ததா? மாப்பிள்ளை காலைப் பிடித்துவிடுகிறாரா, இல்லை எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு சரியா?

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மூன்று வாரம் ஆகிறது. எடுத்தாலும் பிரயோசனமில்லை. நான் போனைக் காதில் வைத்தால் அதன் மறுபக்கத்தில் உன் அம்மா தன் காதை ஒட்டிக்கொள்கிறாள். ஆகவே கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பில் புத்தகத்தை அண்டக் கொடுத்து எழுதுகிறேன். கோழி கிண்டினாற்போல இருந்தால் பொறுத்துக்கொள்.

பிரசவத்துக்கு வரமாட்டேன் என்று உன் அம்மா சொன்னதிலிருந்து நீ அழுத அழுகையை மாப்பிள்ளை சொன்னார். "எனக்குன்னு ஒரு தடவை வரக்கூடாதா மாமா, நான் அவங்களுக்கு என்னதான் வேணும்?" என்று என்னிடமே அன்றைக்குக் கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். முழங்கால் வலி என்று அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். முழங்காலாம் முழங்கால்! நேற்று மட்டும் துணி காயப்போட நாலு தடவை மொட்டை மாடி ஏறி இறங்கினாள். அந்த முழங்காலைக் கொண்டுபோய் ஆற்றில் நட்டால் மேலே பாலம் கட்டி ரயில் விடலாம்.

உண்மைக் காரணம் வேறு. அதை உன்னிடம் சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். இப்போது சொல்லப்போகிறேன்.

போன வருஷம் உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினோமே, அந்தப் பதின்மூன்று மணி நேரப் பயணம். விமானத்துக்குள் இருக்கிற காற்றில் ஈரமே கிடையாது, மனிதத் தோல் அப்பளமாகப் பொரிந்துவிடும் என்று முடி திருத்தும் கடையில் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். உன் மாமா ஏமாறுகிற ஆளா? நாலு வகை க்ரீம், உதட்டுக்கு ஒரு குச்சி, முகத்தில் பீய்ச்சிக்கொள்ளப் பன்னீர், கண்ணுக்கும் மூக்குக்கும் ஓட்டை போட்ட ஈரக் காகித முகமூடி, எல்லாவற்றோடும் போருக்குக் கிளம்பும் மன்னனைப் போல ஏறினேன். முகமூடியை ஒட்டிக்கொண்டதும் எதிர்வரிசைக் கைக்குழந்தை வீறிட்டு அலறியது. விமானியே எழுந்து வந்து பார்த்தார் என்று சொல்வேன், நீ நம்பமாட்டாய்.

இரண்டு பேர் சீட்டு. ஜன்னலோரத்தை மகாராணிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நடைபாதை ஓரத்தில் நான் மலைபோல உட்கார்ந்தேன். அவள் போடும் ரத்த அழுத்த மாத்திரை சிறுநீர் பிரியவைக்கிற வகை. எனக்கு அது தெரியாது. கிளம்பி ஒரு மணி நேரத்தில் என்னை எழுப்பி ஒரு தடவை போய் வந்தாள். அடுத்த அரைமணியில் மறுபடி தோளைத் தட்டினாள். நான் விடுவேனா? "என்னக்கா, திரும்பவுமா? பேசாம உன் சீட்ட அங்கயே மாத்திப் போடச் சொல்லட்டுமா?" என்றேன், உரக்க. பின்வரிசையில் நம் ஆட்கள் ஒரு குடும்பம், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். போய்விட்டு வந்து சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அதன்பின் பணிப்பெண் எத்தனை தடவை தண்ணீரோடு வந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை மட்டும் முகமூடிக்குள் இருந்த என் காதில் விழுந்தது. "வேண்டாம்மா, தாகமில்ல" என்றாள் உன் அம்மா. என் அக்கா ஒட்டகம் என்று நினைத்துக்கொண்டு கும்பகர்ணனுக்கே பாடம் எடுக்கிற மாதிரி தூங்கிவிட்டேன்.

வாண்டு, நான் சொல்வதில் பத்தில் ஒன்பது பங்கைக் கழித்துவிட்டுத்தான் நீ காதில் வாங்குவாய். 'ரீல் மாமா' என்று பேர் வைத்தவளே நீதானே. இனி எழுதுவதில் எதையும் கழிக்காதே.

இறங்கிய பிறகு, பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில் நம் நீலப் பெட்டியை இழுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. எழுப்பினால் கால் நிற்கவில்லை. அங்கேயே இருந்த மருத்துவ அறைக்குச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. அந்த டாக்டர் அம்மா உன் அம்மாவின் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் கீழே இறங்கவில்லை, கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றினால் அப்படித்தான் நிற்குமாம். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அது விளக்கெண்ணெய் பூசிய பித்தளைக் குடம்போல மின்னிக்கொண்டிருந்தது.

என்னை வெளியே நிற்கச் சொல்லித் திரையை இழுத்துவிட்டார். "ஏம்மா, பக்கத்துல ஆள் இருந்தும் தண்ணி கேக்கலையா?" என்று அவர் கேட்டதும் உன் அம்மா சொன்னதும் திரைக்கு இப்பால் எனக்குக் கேட்டது. "தாகமாத்தான் இருந்துச்சு டாக்டர். குடிச்சா எந்திரிக்கணும். எந்திரிக்கணும்னா தம்பிய எழுப்பணும். எழுப்பினா அவன் ஏதாச்சும் சொல்லுவான், எல்லாரும் சிரிப்பாங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? திரையை விலக்கிக்கொண்டு போய், "தண்ணி குடிக்க உனக்கென்ன கேடு?" என்று அந்த அறையே அதிரக் கத்தினேன். அவள் சொன்ன காரணம் என் காதில் விழுந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. வாசலுக்கு வந்ததும், "வாண்டுகிட்ட சொல்லிடாதடா, பதறிப்போவா" என்று சத்தியம் வாங்கினாள்.

உனக்கு நாள் நெருங்க நெருங்க நானும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். "நடைபாதை ஓர சீட்டு உனக்குத்தான்க்கா" என்று அவளிடம் சொன்னேன். ஒரு லிட்டர் பாட்டில் வாங்கி வந்தேன், அதில் துவரம் பருப்பு கொட்டி வைத்திருக்கிறாள். இனி வாயே திறக்கமாட்டேன் என்றேன். "நீயா?" என்று ஒரு சொல்தான். எரிச்சலில் பேச்சை வளர்த்துச் சண்டையாக்கி, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் நான்தான். இங்கே லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. கல்லின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் லென்ஸ் கருகிவிடும். ஒரு நாளைக்கு ஆறு தடவை அதன் தொட்டியை எட்டிப் பார்க்கிறேன். பதின்மூன்று மணி நேரத்தில் பக்கத்துச் சீட்டை ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். அம்மாவைக் கூப்பிடு. சண்டை போடாதே, இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. "மாமா வேண்டாம், நீ மட்டும் தனியா வா" என்று சொல். அவரைக் கூட்டி வந்தால் தொல்லை, குறட்டை, ஊரைக் கூட்டுவார், எது வேண்டுமானாலும் சொல், எல்லாம் பொருந்தும். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் தண்ணீர் குடிப்பாள். கழிப்பறைக்குப் பக்கத்து வரிசையில் நடைபாதை ஓர சீட்டு எது என்று படம் பார்த்துக் குறித்துவிட்டேன். அவள் காட்டுவதற்கு, 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று விமானக்காரர்களின் மொழியில் கொட்டை எழுத்தில் ஓர் அட்டை அடித்து வைத்திருக்கிறேன். மாத்திரையை எப்போது போடலாம், எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கியாயிற்று. கடையை விட்டுவிட்டு வரமுடியாது என்று நானும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

உன் பிள்ளைக்கென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு கூலிங் கிளாஸ் எடுத்து வைத்திருந்தேன். நானே மாட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பரவாயில்லை, அக்கா பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். படம் எடுத்து அனுப்பு.

நீயும் நேரத்துக்குத் தண்ணீர் குடி. தாயும் சேயும் ஆளுக்கு நூறாண்டு வாழுங்கள். அவள் வந்து இறங்கியதும் ஒரே ஒரு வேலை எனக்காகச் செய். கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் அவள் புறங்கையை மெல்லக் கிள்ளிப் பார். தோல் இறங்கிவிட்டதென்றால் எனக்கு ஒரு வரி எழுது.

பக்கத்துச் சீட்டில் இல்லாத,
உன் ரீல் மாமா