நட்சத்திரம் நகர்த்துகிறவனுக்கும் பயம்

தண்ணீர் பாட்டிலுக்காகப் பையைத் துழாவினேன். உங்கள் காமிக்ஸ் ஒன்று கையில் வந்தது. நம் மகள்தான் திணித்திருக்க வேண்டும். பழைய பேப்பர் கடையின் மக்கல் வாடை அதில் இன்னும் போகவில்லை. கழுத்துக் கட்டியை எடுக்க அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய் இரண்டு மணி நேரமாகிறது. ஒரு மணி நேரம் என்றுதான் சொன்னார்கள். இதை யாரிடம் சொல்ல? ஸ்கேன் கவரின் பின்னால் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கச்சிராயபாளையம் டவுன் பஸ் ஓட்டிய மனுஷன் நீங்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கிற பத்து நிமிஷத்திலும் ஸ்டியரிங் மேல் விரித்துவைத்துப் படித்தது அண்டவெளிச் சண்டைகளைத்தான். வெடிக்கிற சூரியன், கிரகத்தை விழுங்க வருகிற அரக்கன், நட்சத்திரங்களைக் கையால் நகர்த்துகிற நாயகன். "வூட்டுல அரிசி இல்ல, நீங்க ஆகாசத்த காப்பாத்திக்கினு இருக்கீங்களா?" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். "இங்க வந்து பாரேன், எம்மாம் பெரிய இடம்" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டுவீர்கள். நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

நம் மகளுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சலோ என்று டாக்டர் சந்தேகப்பட்டாரே, அன்றும் கட்டிலருகே காமிக்ஸைத்தான் வைத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு ஆத்திரம். "கல்லு மனசுங்க உங்களுக்கு" என்று பிடுங்கப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், புத்தகம் உங்கள் கையில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு படத்தை விரலால் தொட்டீர்கள்.

"பாரு, சூரியனையே தள்றவன். பெத்த பொண்ண தூக்கும்போது இவனுக்கும் கை நடுங்குது. அதனாலதான் இவன எனக்குப் புடிக்கும்" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் பயமா இருக்குதுடி. பக்கத்துல உக்காரு."

உங்கள் தோளில் சாய்ந்து அழுதேன். மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

நீங்கள் கண்ணை மூடிய இந்த நாலு வருஷமும் அவளிடம் நான் பயத்தைக் காட்டியதே இல்லை. ரிப்போர்ட் வந்த அன்றும் "ஒண்ணும் இல்லடி" என்று சமையலைப் பார்க்கப் போய்விட்டேன். இன்று காலை ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "உனுக்கு பயமே இல்லியாம்மா?"

வாய்வரை வந்த பொய்யை விழுங்கினேன். "இருக்குதுடி. கை காலு ஓடல" என்றேன்.

இத்தனை நாள் அழாதவள் அழுதாள். "நான் மட்டும்தான் பயப்படறேன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்று என் கையை இறுக்கிப் பிடித்தாள். கதவு வரைக்கும் விடவில்லை.

இப்போது கதவு திறந்தது. எழுந்து நின்றேன். வேறு யாரையோ கூப்பிட்டார்கள். உட்கார்ந்துவிட்டேன். அவள் நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது. தேய்த்துவிட மனசில்லை.