ரீத்தா அப்பாவின் டீம்

கோட்டுச்சேரி,
மே 27, செவ்வாய்.

அன்புள்ள ரீத்தா அப்பாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நானும் ரீத்தாவும் அத்தையும் நலம். குவைத் வெயிலில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே நீங்கள் மேட்சைப் பற்றிக் கேட்கிறீர்கள். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. பீர் மைதீன் அண்ணன் வியாழக்கிழமை குவைத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படியுங்கள்.

ரீத்தாவுக்கு அடுத்த வாரம் காலேஜ் சேர்க்கை. நர்சிங் படிக்கிறேன் என்கிறாள். இதை உங்களிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் அரையிறுதி எந்தக் கிழமை என்று கேட்டீர்கள்.

எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. நீங்கள் பணம் போட்டு நடத்தும் கால்பந்து டீம் மேல் பொறாமை, அதிலும் அதில் ஆடும் அந்த அறிவுமதி மேல். அவனோடு தினமும் முக்கால் மணி நேரம் வீடியோ கால். என்னோடு ஐந்து நிமிஷம், அதிலும் பாதி அவனைப் பற்றி. அவன் முட்டி வலிக்கிறது என்றதும் கார் வைத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னீர்கள். நான் முட்டி வலி என்றால் தைலம் தேய்க்கச் சொல்கிறீர்கள். பஸ் நிறுத்தத்தில் கட்டியிருக்கும் பேனரில் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறீர்கள். நம் கல்யாணப் போட்டோவில் கூட அப்படிச் சிரிக்கவில்லை.

ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்தபோது நடந்த கூத்தை உங்கள் தம்பி யேசுராஜ் இப்போதுதான் சொன்னார். மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து அவர் உங்களுக்காக அறிவுமதிக்கு விலையை ஏற்றினாராம். பொறுமை இல்லாமல் நீங்களும் பின்வரிசையில் இருந்த உங்கள் கூட்டாளி செம்பியனுக்குப் போன் போட்டு ஏற்றச் சொன்னீர்களாம். வேறு ஊர்க்காரன் எவனோ விடமாட்டேன் என்கிறான் என்று இரண்டு பேருமே நினைத்தீர்களாம். மற்ற டீம்கள் எப்போதோ ஒதுங்கிவிட்டன. பதினைந்தாயிரத்தோடு முடிந்திருக்க வேண்டியவனை அண்ணனும் தம்பியும் மோதி நாற்பதாயிரத்துக்கு எடுத்திருக்கிறீர்கள். ரீத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக யேசுராஜ் இன்னொன்றையும் உளறிவிட்டார். அறிவுமதியை வைத்து அடுத்த வருஷமாவது கோப்பை வாங்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்று குவைத் வேலைக்கு இன்னும் இரண்டு வருஷம் காண்ட்ராக்ட் போடப் போகிறீர்களாம். இந்த மாதக் கடைசியில் கையெழுத்தாம். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் ஆடிய காலத்தில் உங்களை யார் விலை பேசினார்கள்? தோற்ற ஊர் ஜெயித்த ஊருக்குச் சமைத்துப் போட வேண்டும், அவ்வளவுதானே பரிசு. எங்கள் ஊர் போலகம் உங்களிடம் தோற்ற அன்று எங்கள் வீட்டுக்கு நாலு பேர் சாப்பிட வந்தீர்கள். என் அண்ணன் கோபத்தில் உங்கள் பக்கமே திரும்பவில்லை. நீங்கள் தலை நிமிராமல் மூன்று தடவை குழம்பு வாங்கினீர்கள். பூட்ஸ் இல்லாமல் ஆடியதில் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்தபோது சரி என்றேன். அப்போதும் மைதானத்தைச் சுற்றி நிற்கும் பெண்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆனால் ஆட்டம் முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு நானும் போனேன். என்னிடம் இல்லாதது அவனிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். நன்றாகத்தான் ஆடினான், பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் விழிதியூரிடம் தோற்றோம். அதெல்லாம் உங்களுக்கு அன்றைக்கே தெரியும். பிறகு நடந்தது தெரியாது. தோற்ற டீம் முதலாளியின் வீடு ஆயிற்றே என்று ஓடிவந்து, காலையில் வாங்கிய கொடுவா மீனைப் பதினைந்து பேருக்குக் குழம்பு வைத்தேன். விழிதியூர்க்காரர்களை அழைத்துவர யேசுராஜை அனுப்பினேன். பரிசுப் பணத்தைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் வேன் ஏறிவிட்டார்களாம். அதில் விழிதியூர்க்காரர்களே மூன்று பேர்தானாம். இப்ப யாரு அண்ணி இதெல்லாம் பண்றாங்க என்று அவர் என்னைக் கேலி செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் அறிவுமதி வந்தான். நீங்கள் வாங்கிக் கொடுத்த ஷூவைத் துடைத்து, பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். மனசில்லாமல்தான் சாப்பிடச் சொன்னேன். ஷூவை ஏன் தருகிறாய் என்றதற்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அடுத்த வருஷம் விழிதியூருக்கு ஆடப் பேசிவிட்டார்களாம். முன்பணமும் வாங்கி, தங்கச்சி பீஸ் கட்டிவிட்டானாம். அண்ணங்கிட்ட சொல்ல பயமா இருக்குக்கா, நீங்களே சொல்லிடுங்க என்றான். தொலைந்தான் என்று முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேட்டதும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தேன், அந்தச் சந்தோஷமும் போய்விட்டது.

யாருக்காக இன்னும் இரண்டு வருஷம் அந்த வெயிலில் கிடக்கப் பார்க்கிறீர்களோ, அவன் உங்கள் டீமில் இல்லை. நான் இருக்கிறேன். என்னை யாரும் விலை கேட்டு வரவில்லை. வந்தாலும் போக மாட்டேன்.

அந்தத் தாளை நீட்டினால் பேனாவைத் தொடாதீர்கள். ஊருக்கு வந்துவிடுங்கள். வரும் வழியெல்லாம் மாதா துணையிருக்கட்டும்.

உங்கள்,
ஜோஸ்பின்