சும்மாவின் பெயரில் ஒரு ஹவுஸ்ஃபுல்

மார்ச் 3, செவ்வாய்

ஹால் கிடைத்துவிட்டது! டாக்டரம்மா கிளினிக்கிலிருந்து வந்ததும் வராததுமாக, செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறை வரை வந்து சொன்னாள். வருஷக்கணக்கில் ஊராரை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிற என் மனைவி எழுதிய நாடகம் மேடை ஏறப் போகிறது. பெயர் "வாயைத் திறங்க". பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி ஒரு பெண்மணி. அவளால் திருப்பிப் பேச முடியாது என்ற தைரியத்தில் வருகிறவர் போகிறவரெல்லாம் தங்கள் ரகசியங்களை அவளிடம் கொட்டுகிறார்கள். அந்தப் பெண்மணியாக நடிப்பவர் என் மாமியார். வாழ்நாளில் பேச்சை நிறுத்தாதவருக்கு நாடகம் முழுக்க ஒரே ஒரு வசனம், அதுவும் கடைசியில். எழுதிய மகளுக்கு எத்தனை நாள் ஆசையோ!

ஒரு நிபந்தனை இருக்கிறது. அனுமதி இலவசம், ஆனால் வருகிறவர்கள் முன்கூட்டியே இருக்கை பதிவு செய்ய வேண்டும். பதினாறாம் தேதிக்குள் பாதி ஹாலாவது நிரம்பாவிட்டால், எங்களுக்கு ஒதுக்கிய இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையை ஒரு நடனப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவாராம் ஹால் மேனேஜர். "காலி நாற்காலிக்கெல்லாம் நான் ஏசி போட முடியாதும்மா" என்றாராம்.

பதிவுக்கு ஒரு ஆப் வேண்டும். போனில் கண்ணுக்குத் தெரிகிற பக்கமெல்லாம் மச்சினன் செய்கிறான். ஆறடியைத் தாண்டி வளர்ந்ததால் வீட்டில் அவன் பெயர் கொக்கு. திரைக்குப் பின்னால் நடக்கிற வேலையெல்லாம் நான். எனக்குத்தான் இப்போது நேரம் கொட்டிக் கிடக்கிறதே.

மார்ச் 5, வியாழன்

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஆபீசில் என் வேலையைப் பறித்த அதே சங்கதியை வைத்துத்தான் இன்று முழுக்க வேலை செய்தேன்.

அங்கே கம்பெனியின் கணினிகள் ஓடுகிற சர்வர் அறைக்கு நான்தான் காவல். எலும்பு வரை குளிர், காதடைக்கிற இரைச்சல். ஒரு நொடி அணைந்தால் போதும், என் போன் அலறும். யாரும் எட்டிப் பார்க்காத நேரத்திலும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கூடவே நானும். போன வருஷம் எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது வேறு யாரோ எங்கோ வைத்திருக்கும் கணினிகளில், ஃபங்ஷன் என்கிற சின்னச் சின்னப் புரோகிராம்களாக மாற்றினார்கள். சர்வர் அறை போயிற்று, அதோடு நானும். அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இன்று திருப்ப முடியவில்லை. ஒரு சின்ன வேலைக்கு ஒரு சின்னத் துண்டு புரோகிராம், அவ்வளவுதான். "இருக்கை பிடி" என்று ஒன்றை எழுதி கிளவுடில் போட்டேன். யாராவது பொத்தானை அழுத்தினால் அது விழிக்கிறது, இருக்கையைப் பிடிக்கிறது, ரசீது அனுப்புகிறது, மறுபடி தூங்கிவிடுகிறது. போன் ஆப்பிலிருந்து கூப்பிட்டாலும் இணையப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் அதே ஃபங்ஷன்தான். இயந்திரம் எங்கே இருக்கிறது? எனக்கென்ன தெரியும்! யாரோ எங்கோ பார்த்துக்கொள்கிறார்கள். எதிரி இவ்வளவு அழகாக இருப்பான் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே.

முதல் ரசீது வந்தபோது நாற்காலியோடு துள்ளினேன். டாக்டரம்மா வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தாள். "என்ன சத்தம்? விழுந்துட்டீங்களா?"

விழுந்துவிட்டேன். தலைகுப்புற.

மார்ச் 6, வெள்ளி

ஃபங்ஷன், ஃபங்ஷன், ஃபங்ஷன். காபி ஆறிப்போனது. ஆறட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

ஆப் வெளியானது. முதலில் பதிவு செய்தவர் மாமியார். உடனே புகாரும் வந்துவிட்டது.

"மாப்பிள்ளை, இது சுத்திக்கிட்டே இருக்கு. உள்ள இருக்கிற ஆளு தூங்குறானா?"

தூங்கித்தான் இருக்கிறான். கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாவிட்டால் ஃபங்ஷன் அசந்துவிடும். அடுத்து வருகிறவர், அது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்வரை காத்திருக்க வேண்டும்.

"அதிருக்கட்டும் அத்தை, நீங்க எதுக்கு சீட்டு போட்டீங்க? நீங்க மேடையில இல்ல இருப்பீங்க?"

"அப்ப என் பையை எங்க வைக்கறதாம்?"

மதியம் ஒரு அலாரம் வைத்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அது ஃபங்ஷனைத் தட்டி எழுப்பும், அசர விடாது. கூப்பிடும்போது ஏதாவது பெயர் கொடுத்தாக வேண்டும், "சும்மா" என்று கொடுத்தேன். ஃபங்ஷனுக்குள்ளும் ஒரு வரி சேர்த்தேன்: வந்திருப்பது சும்மா என்றால் ஒன்றும் செய்யாமல் போய்ப் படு. இப்போது பொத்தானைத் தொட்ட மாத்திரத்தில் இருக்கை கிடைக்கிறது. "மாமா, நீங்க பெரிய ஆளு" என்றான் கொக்கு. ஆமாம்டா!

சும்மா என்ற பெயர் ஏன் சட்டென்று கைக்கு வந்தது? பழக்கம்தான். எதிர் வீட்டுக்காரர் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், "இப்ப என்ன பண்றீங்க?" நானும் சொல்கிறேன், "சும்மாதான் இருக்கேன்."

மார்ச் 9, திங்கள்

நிரம்புகிறது! காலையில் பார்த்தபோதே ஹாலில் நல்ல ஒரு பங்கு போய்விட்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இன்னும் கொஞ்சம். ஊரே தூங்குகிற நேரத்தில் கூடப் பதிவு செய்திருக்கிறார்கள். "பல்வலியில தூக்கம் வராதவங்களா இருக்கும்" என்றேன், தலையணை பறந்து வந்தது. பெயர்ப் பட்டியல் பக்கத்தைக் கொக்கு இன்னும் கட்டவில்லை, காலி இடங்களின் எண்ணிக்கை மட்டும்தான் தெரிகிறது. அது போதும் எனக்கு. அது இறங்க இறங்கத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஹவுஸ்ஃபுல்!!!

மார்ச் 11, புதன்

ஹால் மேனேஜரே போன் செய்தார். "உங்க வீட்டம்மா இத்தனை நாளா எங்கங்க இருந்தாங்க?" வாசலில் ஹவுஸ்ஃபுல் போர்டு வைத்துவிட்டாராம். சாயங்காலம் இரண்டு பேரும் போய், எதிர்ச் சாரியில் நின்று, அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பல் டாக்டருக்கு எதுக்கு நாடகம்னு கேக்காத ஆள் உண்டா? இப்பப் பாருங்க. இன்னிக்கு ஒரு பேஷண்ட், வாயில பஞ்சை வெச்சிருக்கேன், அப்பவும் அந்த மனுஷன் சீட்டு கேக்கறாரு."

கொக்கு இரவோடு இரவாக "காத்திருப்போர் வரிசை" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறான். அதற்குத் தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதிக் கொடுத்தேன். வரிசையும் வளர்கிறது! ஹவுஸ்ஃபுல் என்றதும்தான் எத்தனை பேருக்கு நாடகத்தின் மேல் ஆசை!

மார்ச் 14, சனி

கிளினிக்கில் ஒத்திகை. மாமியார் பிளந்த வாயை மூடாமல் முதல் பாதியை முடித்தார். இடைவேளையில் சேர்த்து வைத்துப் பேசினார். "யாரு யாரு வராங்கன்னு படிங்க மாப்பிள்ளை. எனக்குத் தெரிஞ்ச மூஞ்சியைப் பாத்தா சிரிச்சிடுவேன்." பட்டியல் பக்கத்தைக் காலையில்தான் கொக்கு முடித்திருந்தான். திறந்தேன்.

சும்மா. சும்மா. சும்மா. சும்மா.

தள்ளத் தள்ள சும்மா. நடுவில் மாமியாரின் பெயர், கிளினிக் நர்ஸ், கொக்கின் நண்பர்கள். மறுபடியும் சும்மா, சும்மா.

"சார்ஜ் இல்ல அத்தை" என்று புளுகிவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஃபங்ஷனைத் திறந்து பார்த்தேன். நான் சேர்த்த அந்த வரி அங்கேதான் இருக்கிறது — இருக்கையைப் பிடிக்கிற வரிக்குக் கீழே! மேலே இருக்க வேண்டியதைக் கீழே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் இடத்தைப் பிடித்துவிட்டு, அப்புறம் "அட, சும்மாதானா" என்று போய்ப் படுத்திருக்கிறது. ஹால் மொத்தத்தையும் என் அலாரமே வாங்கிப் போட்டுவிட்டது.

அறிவிருக்காடா உனக்கு? இத்தனை வருஷ சர்வீஸ்ல இதையா கத்துக்கிட்ட? அவகிட்ட எப்படிச் சொல்லுவ? ரோட்டோரமா நின்னு அழுதாளே — அதுவும் சும்மாதானா?

எல்லோரும் போன பிறகு சொன்னேன். கொக்கு மட்டும் கூட இருந்தான். அவள் நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"அப்ப யாருமே வரலையா?"

"பதினோரு பேர். உங்கம்மா பையையும் சேர்த்து."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்குதான் மெதுவாக ஆரம்பித்தான். "யாருக்கும் தெரியாதுக்கா. சும்மாவை எல்லாம் அழிச்சிட்டு, வரிசையில நிக்கறவங்களுக்கு அந்த இடத்தை அப்படியே மாத்திடலாம். ஒரு நொடி வேலை." எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டேன்.

"வேணாம்" என்றாள். "கூட்டம்னு நெனச்சுதான் அவங்க வரிசையில நிக்கறாங்க. கூட்டம் இல்லைன்னு சொல்லிடுவோம். அதுக்கப்புறமும் வரவங்க வரட்டும்."

"யாரும் வரலைன்னா?" என்றேன்.

"டான்ஸ் ஸ்கூல் ஆடட்டும்."

மார்ச் 15, ஞாயிறு

முதல் வேலையாக அந்த வரியைத் தூக்கி மேலே வைத்தேன். பிறகு புதிதாக ஒரு ஃபங்ஷன்: ஒரு இருக்கை காலியானதும் அது தானாக விழித்து, வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குச் செய்தி அனுப்பும். செய்தியை டாக்டரம்மாவே எழுதினாள். அப்படியே இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன்:

"ஹவுஸ்ஃபுல் என்று சொன்னது தவறு. இடங்களைப் பிடித்து வைத்திருந்தது எங்கள் வீட்டு அலாரம். ஒரு பல் டாக்டர் எழுதிய நாடகத்தைப் பார்க்க யாரும் முண்டியடிக்கவில்லை. இதைப் படித்த பிறகும் வர விருப்பம் இருந்தால் 'வருகிறேன்' என்பதை அழுத்துங்கள். உங்களுக்கு வலிக்காது."

ஹால் மேனேஜருக்கும் அவளே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர், "நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கில்லம்மா? பாப்போம்" என்றாராம்.

கொக்கு சும்மாக்களை அழித்தான். ஹால் காலியானது. செய்திகள் போயின. போனை மேஜையில் வைத்துவிட்டு மூன்று பேரும் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் இல்லை. டாக்டரம்மா எழுந்து போய்த் துவைத்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே மடித்திருந்த துணிகள்.

டிங்.

வாயில் பஞ்சோடு சீட்டு கேட்டாரே, அந்த மனுஷன்! "அலாரத்துக்கே அவ்வளவு ஆர்வம்னா நானும் வரேன்" என்று எழுதியிருந்தார். அடுத்து ஒரு டிங். அடுத்து இரண்டு. மாமியார் தன்னோடு காலையில் நடக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் அந்தச் செய்தியை அனுப்பி, அவர்கள் தங்கள் வீட்டாருக்கு அனுப்பி, வரிசையில் இல்லாதவர்களெல்லாம் ஆப்பைத் திறந்துகொண்டு வர ஆரம்பித்தார்கள். மதியத்துக்கு மேல் டிங் டிங் என்று தனித்தனியாகக் கேட்கவில்லை, ஒரே சத்தம்தான். ஒரே சமயத்தில் எத்தனை பேர் அழுத்தினாலும், ஆளுக்கொரு ஃபங்ஷன் எழுந்து நின்று இடம் பிடித்துக் கொடுக்கிறது! நான் காவல் காத்த அந்தப் பழைய இயந்திரமாக இருந்தால் மூச்சுத் திணறிக் கவிழ்ந்திருக்கும். நானும் கூடவே கவிழ்ந்திருப்பேன். இப்போது எனக்கு வேலையே இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அழகு பார்த்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாதி ஹால் தாண்டிவிட்டது. கொக்கு ஆடிய ஆட்டத்தில் அவன் தலை மின்விசிறியில் இடிக்காமல் இருந்தது அதிர்ஷ்டம். டாக்டரம்மா மடித்த துணிகளையெல்லாம் என் தலையில் கொட்டினாள்.

மார்ச் 16, திங்கள்

மேனேஜர் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயராகப் படித்துப் பார்த்தாராம். "எல்லாம் மனுஷங்கதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

வாசலில் நின்று எல்லோரையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, எனக்கு நான் இடமே போட்டுக்கொள்ளவில்லை. ஹால் நிரம்பிவிட்டது, நிஜமாகவே. ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கொக்கு சிரித்தான். "நடு வரிசையில ஒண்ணு இருக்கு மாமா. எல்லாத்தையும் அழிச்சேன், மேனேஜர் கையெழுத்து போட்டதும் ஒரே ஒரு சும்மாவை மட்டும் உங்களுக்குன்னு திரும்பப் போட்டு வெச்சேன்."

உட்கார்ந்தேன். முதல் ரகசியத்துக்கே சிரிப்பு தொடங்கியது, பிறகு நிற்கவில்லை. பிளந்த வாயோடு மாமியார் கண்ணை மட்டும் உருட்டினார், பக்கத்து இருக்கைக்காரர் என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். கடைசியில் மாமியார் வாயை மூடி, தாடையைத் தேய்த்துவிட்டு, அந்த ஒற்றை வசனத்தைச் சொன்னார்: "இப்ப நான் பேசலாமா?" ஹால் இடிந்துவிட்டது! மேடை ஓரத்தில் திரைக்குப் பக்கத்தில் டாக்டரம்மா நிற்பது தெரிந்தது. அவள் மேடையைப் பார்க்கவே இல்லை. நாற்காலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றாக.

மார்ச் 24, செவ்வாய்

மேனேஜர் அடுத்த மாதமும் ஒரு ஞாயிறு கொடுத்திருக்கிறார். நிபந்தனை எதுவும் போடவில்லை. ஹால் முழுமைக்கும் இதே மாதிரி ஒரு பதிவு ஏற்பாடு செய்து தர முடியுமா என்று கேட்டார், முடியும் என்றேன். மாடிப்படியில் எதிர் வீட்டுக்காரரிடம் பதில் சொல்ல நின்றேன், அவரோ கேள்வியை விட்டுவிட்டு, "அந்த நாடகத்துக்கு எங்க சீட்டு போடணும்?" என்றார்.

காலையில் அடுத்த காட்சிக்குப் பதிவைத் திறந்ததும் அலாரத்தை எடுத்துவிட்டேன். ஃபங்ஷன் அசந்தால் அசரட்டும், அதுவும் பாவம். மதியம் சும்மா எட்டிப் பார்த்தேன். காலையிலிருந்து அது படுக்கவே இல்லை.