என் பெயரில் ஒரு துவக்கு

9 ஜூன் 1991, ஞாயிறு

குடிபெயர்ந்து வந்த இந்த நாட்டில், உரிமம் எடுத்து வாங்கிய என் சொந்தத் துவக்கால் இன்று சுடுதளத்தில் முதன்முதலாகச் சுட்டேன். தோட்டாக்கள் அடைக்கும் ரவைக்கூடு அதில் விசைக்குப் பின்னால், கன்னத்தை ஒட்டி இருக்கிறது. நீளமும் குறைவு.

"உதென்ன, முன்பக்கத்தைக் கடையிலை மறந்திட்டு வந்திட்டியோ?" என்று அண்ணா சிரித்தார்.

வெடித்தபோது சத்தம் பல்லுக்குள் கேட்டது. நூறு யார் தூரத்தில் இருந்த இலக்குத் தாளின் நடுவில் ஓட்டை. என் விரலா இதைச் செய்தது!

பிறகு தாள்களை மாற்றுவதற்காகச் சுடுதளப் பொறுப்பாளர் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். எல்லோரும் துவக்குகளை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். நானும் வைத்தேன். வைத்துவிட்டு, ஊரில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மறித்தபோது செய்ததுபோல், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினேன்.

"கையை இறக்கு தங்கச்சி. உது உன்ரை துவக்கு."

அண்ணா இம்முறை சிரிக்கவில்லை.

கைகள் மெதுவாகத்தான் இறங்கின. கழுவியும் இன்னும் வெடிமருந்து மணக்கிறது.